அப்பாவுக்கு ஈ.எஃப். 30: வீக்கம் வடிஞ்சதும் மாத்திரையைக் குறைக்கலாமா?

பாம்பன்_படகு

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, நாட்டுப்படகுத் தொழில். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நெஞ்சுவலி வந்தப்ப வாயுன்னு நெனச்சு ராத்திரி பூரா சோடா குடிச்சுக்கிட்டு வீட்டிலேயே இருந்துட்டார். மறுநாள்தான் பெரிய அட்டாக்னு தெரிஞ்சது. ஸ்டென்ட் வச்சாங்க. அப்புறம் கொஞ்ச நாள்ல மாத்திரையை விட்டுட்டுக் கடலுக்குப் போக ஆரம்பிச்சுட்டார்.

இந்த வருசம் மறுபடி தொல்லை. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது, சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு இருமிக்கிட்டே எந்திரிச்சு வாசலுக்கு ஓடுவார். கால் வீங்கி, செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்படியே நிக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல நான் கட்டைவிரலால அழுத்துனா, எடுத்தப்புறமும் குழி ரொம்ப நேரம் மூடாது. அட்மிட் பண்ணி லாசிக்ஸ் ஊசி போட்டதும் நீர் நீராப் போச்சு, வீக்கம் வடிஞ்சது. ஹார்ட் ஃபெயிலியர்னு சொன்னாங்க. எக்கோவுல (இதய ஸ்கேன்) ஈ.எஃப். 30 சதவீதம்னு எழுதியிருக்கு.

இப்ப வீட்டுல ஒரு கவர் நிறைய மாத்திரை. சாக்குபிட்ரில்-வால்சார்டன், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், டாபாக்ளிஃப்ளோசின், லாசிக்ஸ், ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை. அப்பா "எனக்கு நல்லாயிருச்சு, லாசிக்ஸ் மட்டும் போதும், மத்ததெல்லாம் போட்டா கிட்னி போயிரும்"ங்கிறார். கரையில யாரோ சொல்லியிருக்காங்க. டாபாக்ளிஃப்ளோசின் சுகர் மாத்திரையாம். அப்பாவுக்குச் சுகரே இல்லை, அதை ஏன் குடுத்தாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தங்கச்சிமடம்_ஜோ

நிறுத்த விடாதீங்க தம்பி. எங்க பெரியப்பாவும் நல்லாயிருச்சுன்னுதான் விட்டார். திரும்ப 108-லதான் ஏத்திக்கிட்டுப் போனோம். டாக்டர் யாராச்சும் விளக்கமா எழுதுவாங்க, அதைப் படிச்சு அப்பாவுக்கும் சொல்லுங்க.

தேவிபட்டினம்_மருத்துவர்

பாம்பன் தம்பிக்கு. நான் பொது மருத்துவன், இதய நிபுணன் அல்ல. ஆனால் இதயச் செயலிழப்பு (ஹார்ட் ஃபெயிலியர்) நோயாளிகளை வாராவாரம் பார்க்கிறேன். உங்கள் அப்பாவைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை. இது நோயைப் புரிந்துகொள்வதற்காக.

அட்டாக்கின்போது ரத்தம் கிடைக்காமல் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது தழும்புதான் இருக்கிறது, அது சுருங்காது. மிச்சத் தசை மொத்த வேலையையும் சுமக்கிறது. ஈ.எஃப். என்பது இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. நல்ல இதயத்திலேயே அது 55 முதல் 70 வரைதான், நூறு யாருக்கும் இல்லை. ஆகவே 30 என்றதும் 'முப்பது சதவீதம் உயிர்தான் பாக்கி' என்று அப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால் அதை முதலில் துடைத்துப் போடுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். ரத்த ஓட்டம் குறைந்ததும் உடம்பு 'எங்கேயோ ரத்தம் கொட்டிவிட்டது, நீர் வற்றிவிட்டது' என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன், அட்ரினலின் என்ற சுரப்புகள் எல்லாம் ஏறுகின்றன. ரத்தக்குழாய் இறுகுகிறது, துடிப்பு கூடுகிறது. உண்மையிலேயே காயம்பட்டு ரத்தம் போனவருக்கு இது சில மணி நேரம் உயிர் காக்கும். மாதக்கணக்கில் நடந்தால் அதே சுரப்புகள் இதயத்தை அரித்து, அறையை ஊத வைத்து, ஈ.எஃப்.-ஐ இன்னும் இறக்கும். அப்படி இறங்கியதும் சுரப்பு இன்னும் கூடும்.

லாசிக்ஸ் தேங்கிய நீரை வெளியேற்றும், அவ்வளவுதான். மூச்சு உடனே லேசாவதால் அதுதான் மருந்து என்று எல்லோரும் நம்புகிறார்கள். இதயத்தை அரிக்கும் அந்தச் சுழலை அது நிறுத்தாது. நிறுத்துவது அப்பா வேண்டாம் என்று ஒதுக்குகிற அந்த நான்கு மாத்திரைகள்தான்.

மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் அட்ரினலினைத் தடுக்கிறது. பழுதான இன்ஜினை எந்நேரமும் முழு வேகத்தில் முறுக்கி ஓட்டாமல் நிதானத்துக்குக் கொண்டுவருவது மாதிரி. தொடக்கத்தில் சோர்வு தெரியும். அதனால்தான் சின்ன டோஸில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போல மெல்ல ஏற்றுகிறோம். சாக்குபிட்ரில்-வால்சார்டன் ஆஞ்சியோடென்சினை அடைத்து, இதயத்துக்கு நல்லது செய்யும் சுரப்புகள் சிதையாமல் காக்கிறது. 2014-இல் 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் எனலாப்ரில் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்டபோது, இதய நோயால் சாவதும் இந்நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வதும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் பழைய மருந்து. தீவிர நோயாளிகளிடம் சாவை 30 சதவீதம் குறைத்தது என்று 1999-லேயே தெரிந்துவிட்டது.

டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரைக்காக வந்த மருந்துதான். ஆனால் 2019-இல் வந்த பெரிய ஆய்வில் சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் அதே அளவு பலன் கிடைத்தது. அப்பாவுக்கு அதை எழுதியவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். கிட்னி பயத்துக்கும் இதையே பதிலாகச் சொல்லுங்கள்: நாள்பட்ட சிறுநீரக நோய்க்கே இப்போது இந்த மருந்தைத் தருகிறோம். மருந்து தொடங்கியதும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கொஞ்சம் ஏறலாம், அதைப் பார்த்து மிரள வேண்டாம். பார்க்காமல் விடவும் கூடாது. தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தே ஆக வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் சோதித்திருக்கிறார்கள். லண்டனில், இதயத் தசை தளர்ந்து அறை ஊதும் நோய் வந்து மருந்தால் முழுசாகத் தேறிய 51 பேர். ஈ.எஃப். இயல்புக்கு வந்துவிட்டது, தொந்தரவு எதுவும் இல்லை. 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள், 26 பேருக்குத் தொடர்ந்தார்கள். ஆறே மாதத்தில் நிறுத்தியவர்களில் 11 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. முழுசாகத் தேறியவர்களுக்கே இந்த நிலை. உங்கள் அப்பா இன்னும் தேறவே இல்லை, நீர்தான் வடிந்திருக்கிறது.

பாம்பன்_படகு

டாக்டர், ரொம்ப நன்றி. அந்த 11 பேர் கணக்கை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, ஆனா ராத்திரி மாத்திரையை அவரே எடுத்துப் போட்டார்.

அடுத்த சண்டை சாப்பாட்டுல. கருவாடு இல்லாம அவருக்குக் கஞ்சி இறங்காது. எவ்வளவு உப்பு சேக்கலாம்?

உச்சிப்புளி_செவிலி

தம்பி, நான் மதுரையில் இதயப் பிரிவு வார்டில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் உச்சிப்புளி. நம்ம பக்கத்து ஆள் வந்தால் நான் முதலில் கேட்பதே கருவாட்டைத்தான்.

ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் இருக்கணும், தட்டாமல் ஒரு டீஸ்பூன் அளவு. சமையலில் போடுவது, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடை மிக்சர் எல்லாமே அதுக்குள் அடக்கம். கருவாடு உப்பிலேயே ஊறிக் காய்ந்தது. கழுவினால் மேலே இருக்கும் உப்புதான் போகும், சதைக்குள் இறங்கியது இருக்கும். பச்சை மீனைப் புளி, மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் தூக்கலாக வைத்துக் குழம்பு வைங்க, உப்புக் குறைவது அவ்வளவாகத் தெரியாது. கடற்கரையில் இருந்துகொண்டு பச்சை மீனுக்கு என்ன பஞ்சம்? அம்மாகிட்டச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு வைக்கச் சொல்லுங்க. அவருக்கு மட்டும் தனியாக வைத்தால் பக்கத்துத் தட்டில் கை போகும், இதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 'உப்புக்குப் பதில் உப்பு', 'லோ சோடியம்' என்று பாக்கெட்டில் விற்பதை வாங்கிடாதீங்க. அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சாக்குபிட்ரில்-வால்சார்டனும் ஸ்பைரோனோலாக்டோனும் ஏற்கனவே பொட்டாசியத்தை ஏற்றுகிற மருந்துகள். ரொம்ப ஏறினால் துடிப்பே தாறுமாறாகும். வெயிலுக்கு நல்லது என்று தினமும் இளநீர் குடிப்பவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிடுங்க.

எடை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்குங்க. காலையில் எழுந்து ஒண்ணுக்குப் போய்விட்டு, சாப்பிடுவதற்கு முன்னாடி, அதே மாதிரித் துணியோடு ஏறி நின்று காலண்டர் தாளில் எழுதணும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்குவதற்கு முன்னாடியே எடை காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கே போன் பண்ணுங்க. ராத்திரி மூச்சு முட்டி உட்காருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் என்று அளவு சொல்வார்கள், எல்லோருக்கும் அது தேவையில்லை. மே மாதம் நம்ம ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது அதே அளவைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிரஷர் இறங்கி மயக்கம் வரும். பேதி, வாந்தி என்றால் உடனே கேளுங்க, டாபாக்ளிஃப்ளோசினையும் லாசிக்ஸையும் ரெண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். அதுவும் அவர்கள் சொன்னால்தான்.

மூலிகை_நேசன்

இத்தனை ரசாயனம் எதற்கு? மருதம்பட்டைக் கஷாயம் ஒரு மண்டலம் குடித்தால் இதயம் பலப்படும். இருமலுக்கு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொண்டால் போதும். நம் முன்னோர் எக்கோ எடுத்தா வாழ்ந்தார்கள்?

தேவிபட்டினம்_மருத்துவர்

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த இழையை ஒரு நோயாளியின் மகன் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதால் நேராகவே சொல்கிறேன்.

மருதம்பட்டையைச் சின்ன அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். அது சாவைக் குறைக்கிறது என்று நிறுவப்படவில்லை. யாரும் இந்த நான்கு மருந்துகளுக்குப் பதிலாக அதைக் குடிக்கக் கூடாது. கூடுதலாகக் குடிக்க நினைத்தால்கூட மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

அதிமதுரம் இதைவிட ஆபத்து. அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இதயம் பலவீனமானவருக்குச் செய்யவே கூடாத மூன்றையும் ஒன்றாகச் செய்கிறது. அவருக்கு வந்த இருமல் தொண்டை இருமலும் அல்ல, நுரையீரலில் நீர் கோத்ததால் வந்தது. படுத்தால் வந்து எழுந்து உட்கார்ந்தால் அடங்கும் இருமலுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருப்பதில் எத்தனையோ பேருக்கு நாள் வீணாகிறது.

மருந்துக்கடை_ராம்நாடு

நான் பார்மசிஸ்ட். டாக்டர் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. உங்க அப்பா வலை இழுக்கிறவர், தோள்வலி முதுகுவலி இருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் எதுவும் வாங்கிப் போடக் கூடாது. இந்த வலி மாத்திரைங்க உப்பையும் நீரையும் தேக்கும், லாசிக்ஸை வேலை செய்ய விடாது, கிட்னியையும் கெடுக்கும். கிட்னிக்குப் பயந்து இதய மாத்திரையை நிறுத்துறவர் வலி மாத்திரையை மட்டும் தினம் முழுங்குறதை நான் கவுண்டர்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், மனசு கேக்கல. சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போற அக்காமார் நாள் பூரா தண்ணிக்குள்ள கிடந்துட்டு வந்து "ஒடம்பு வலிக்கு ரெண்டு குடு தம்பி"ன்னு கேப்பாங்க. பிரஷர் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் எதையும் குடுப்பேன். வலிக்கு பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோட.

சுகர் இருக்கிற இதய நோயாளிங்க சீட்டுல பயோகிளிட்டசோன் இருக்கான்னு பாருங்க. இருந்தா டாக்டர்கிட்டக் காட்டுங்க, அது நீரைத் தேக்கும்.

விலை ஒரு காலத்துல பெரிய சுமை. டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை நம்ம நாட்டுல 2020 கடைசியில முடிஞ்சது, சாக்குபிட்ரில்-வால்சார்டன் 2023 ஜனவரியில. இப்ப நிறையக் கம்பெனி போடுறதால விலை நல்லா இறங்கியிருக்கு. மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில தொடங்குன முதல்வர் மருந்தகம் ரெண்டுலயும் விசாரிங்க. என் கடைக்கே வரணும்னு இல்ல, மாத்திரை விடாம போட்டாச் சரி.

தொண்டி_அக்கா

இந்த இழையில் எல்லாமே அட்டாக்கை வைத்தே போகிறது. இதே மூச்சுத்திணறல், இதே வீக்கம் எனக்கு வந்தபோது வயது 27, இரண்டாவது குழந்தை வயிற்றில். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. அப்போது தொண்டையில் வந்த கிருமிக்கு உடம்பு காட்டிய எதிர்ப்பு, இதய வால்வைச் சுருக்கிவிட்டிருக்கிறது. கர்ப்பத்தில் ரத்த அளவு கூடும்போது சுருங்கிய வால்வால் தாங்க முடியவில்லை. எனக்கு பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். இன்றுவரை மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. தசையே நன்றாக இருந்து வால்வு கெட்டவருக்கு மாத்திரை மட்டும் போதாது, வால்வைச் சரி செய்தாக வேண்டும். அதனால் பெண்கள் யாராவது 'மாசமாக இருந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும்' என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். படுக்கவே முடியாத மூச்சு எந்த மாசத்திலும் சாதாரணம் இல்லை.

அம்மாவுக்கும் இப்போது இதே நோய்தான், ஆனால் ஈ.எஃப். 60. அது எப்படி டாக்டர்?

தேவிபட்டினம்_மருத்துவர்

அக்கா, நல்ல கேள்வி. அம்மாவுக்குப் பல வருடமாக பிரஷர் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடித்து விறைத்துவிடும். சுருங்குவதில் குறை இருக்காது, விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியாது. ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். சர்க்கரை, உடல் பருமன், வயது எல்லாம் இதற்குத் துணை. இந்த வகைக்கு நெடுங்காலம் லாசிக்ஸைத் தவிர சொல்லிக்கொள்ள மருந்தே இல்லாமல் இருந்தது. 2021-க்குப் பிறகு எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் பலன் தருவது உறுதியானது. பிரஷரை அடக்குவதுதான் அடிப்படை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறதென்றால் ஒரு நாளும் தவற விடாதீர்கள்.

காரணம் இன்னும் பல உண்டு: நாள்பட்ட குடி, சில புற்றுநோய் மருந்துகள், தைராய்டு, கடும் ரத்தசோகை, விடாத படபடப்பு. குடியால் தசை கெட்டவர் முழுசாக நிறுத்தினால் இதயம் கணிசமாக மீள்வதைப் பார்க்கலாம். ஆகவே மருந்து எழுதுவதோடு நிற்காமல், ஏன் வந்தது என்று தேடுகிற மருத்துவரிடம் போங்கள்.

கீழக்கரை_துபாய்

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கும் ஈ.எஃப். 35. நோன்பு வைக்காம இருக்க மனசு வரலைங்கிறார். உம்மா போன்ல அழுவுது. வைக்கலாமா?

தேவிபட்டினம்_மருத்துவர்

வ அலைக்கும் ஸலாம். நோன்பு பிறக்கும் முன்பே வாப்பாவை மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள். சமீபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ வைக்கக் கூடாது. பல மாதமாக நிலையாக இருப்பவருக்கு மருந்து நேரத்தை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றி, லாசிக்ஸ் அளவைத் திருத்தி அனுமதிப்பது உண்டு. டாபாக்ளிஃப்ளோசின் போடுகிறவர் நாள் முழுக்க நீர் இல்லாமல் இருப்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருப்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜமாஅத்தில் வாப்பா மதிக்கிற ஆலிம் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் கேட்பார்.

கீழக்கரை_துபாய்

ஜஸாகல்லாஹ் டாக்டர். காக்காகிட்ட (அண்ணன்) சொல்லி இந்த வாரமே கூட்டிப் போகச் சொல்றேன்.

பாம்பன்_படகு

டாக்டர், அப்பா திரும்பக் கடலுக்குப் போகலாமா? 'பேட்டரி' வைக்கணும்னும் பேச்சு வந்துச்சு. அதுக்கு இப்பவே பணம் பொரட்டணுமா?

தேவிபட்டினம்_மருத்துவர்

இப்போதைக்குக் கடல் வேண்டாம். ஈ.எஃப். இந்த அளவில் இருக்கும்போது திடீர்த் துடிப்புக் கோளாறு வரும் அபாயம் உண்டு. கரையிலிருந்து தள்ளிப் படகில் இருக்கும்போது வந்தால் காப்பாற்ற வழியில்லை. அதற்காக முடக்கிப் போட்டுவிடாதீர்கள். காலையும் மாலையும் கரையோரம் நடக்கட்டும், நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் போதும். வலை பின்னுவது, மீன் பிரிப்பது, ஏலத்துக்கு நிற்பது எல்லாம் செய்யலாம். கைக்கு வேலையில்லாத கடல்காரர் ரெண்டே மாதத்தில் மனசு ஒடிந்துபோவார், மாத்திரையை விடுவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

பேட்டரி என்று நீங்கள் சொல்வது ஐ.சி.டி. கருவி. துடிப்பு கெட்டால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரி செய்யும். அதை உடனே வைப்பதில்லை. நான்கு மருந்துகளையும் தாங்கும் அளவுக்கு ஏற்றி, குறைந்தது மூன்று மாதம் கழித்துத் திரும்ப எக்கோ எடுப்பார்கள். அப்போதும் 35-க்குள்ளேயே நின்றால்தான் பேச்சு. பலருக்கு அதற்குள் ஏறிவிடுகிறது. ஈசிஜியில் இடப்பக்க மின்பாதை அடைப்பு இருந்தால் இரண்டு பக்கச் சுவரையும் சேர்ந்து சுருங்க வைக்கும் வேறொரு பேஸ்மேக்கர் உண்டு. பணம் புரட்டுவதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை ராஜாஜியிலோ காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

பாம்பன்_படகு

சரிங்க டாக்டர். வர்ற திங்கக்கிழமை மதுரைக்கு ரிவ்யூ. ஒரே ஒரு சந்தேகம், செவிலி அக்காவுக்கு. காலையில லாசிக்ஸ் போட்டுட்டு பஸ்ல ஏறினா வழியெல்லாம் ஒண்ணுக்கு வருது. போன தடவை அதுக்குப் பயந்தே மாத்திரை போடாம வந்தார். என்ன செய்றது?

உச்சிப்புளி_செவிலி

தம்பி, அன்றைக்கு மட்டும் லாசிக்ஸைத் தள்ளிப் போடலாம், விடக் கூடாது. மதுரை வந்து இறங்கியதும் போடட்டும், ஆஸ்பத்திரியில் பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கும். சாயங்காலம் நாலு மணியைத் தாண்டிப் போட்டால் ராத்திரித் தூக்கம் கெடும், அதை மட்டும் பார்த்துக்கங்க. மற்ற மாத்திரைகளை வழக்கமான நேரத்திலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்க. வரும்போது மாத்திரைக் கவர், எடை எழுதிய காலண்டர் தாள், பழைய எக்கோ, காப்பீட்டு அட்டை நான்கும் கையில் இருக்கணும். பொட்டாசியம், கிரியாட்டினின் டெஸ்ட்டை முந்தின நாளே ராமநாதபுரத்தில் எடுத்துவிட்டால் இங்கே காத்திருக்க வேண்டியதில்லை.